வெர்டியின் விருந்தினர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, டேனியல் ஷ்மிட் என்ற சுவிஸ் இயக்குநர் 1984இல் எடுத்த 'டோஸ்காவின் முத்தம்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தோம். மிலான் நகரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றிய படம் என்று மட்டுமே அறிந்திருந்தோம். முதியோர் இல்லம் என்றவுடன் நம் மனத்தில் எழும் சித்திரம் ஒன்று உண்டல்லவா? நீண்ட தாழ்வாரம், வரிசையாகக் கட்டில்கள், வாசலையே பார்த்தபடி இருக்கும் கண்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இதைப் பார்த்துத்தான் ஆக வேண்டுமா என்று ஒருவர் முணுமுணுக்கவும் செய்தார்.

தாழ்வாரம் இருந்தது. ஆனால் அதில் ஒரு கொலை நடந்தது. சாரா ஸ்குதேரி என்ற முன்னாள் பாடகி, எழுபதைக் கடந்தவர், சக இல்லவாசி ஒருவரைக் குத்திக் கொல்கிறார். புச்சினியின் 'டோஸ்கா' ஓபராவில் இரண்டாம் அங்கத்தின் இறுதிக் காட்சி அது. தன்னை அடைய முயலும் காவல்துறைத் தலைவனைக் கத்தியால் குத்திவிட்டு, இதுதான் டோஸ்காவின் முத்தம் என்கிறாள் நாயகி. ஒப்பனை இல்லை, வாத்தியக்குழு இல்லை, மேடை இல்லை. போகிற வழியில் நின்று இரு முதியவர்கள் கொன்றும் செத்தும் விளையாடுகிறார்கள். கொலையுண்டவர் தம் பங்கைக் குறைவின்றிச் செய்கிறார். முணுமுணுத்த நண்பர்தான் அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னார்.

படம் முடிந்த பிறகும் எங்கள் பேச்சு அந்த வீட்டைச் சுற்றியே இருந்தது. பின்னர் ஆளுக்கொரு பக்கமாகத் தேடிப் படித்தோம். படித்ததில் எங்களுக்கு முக்கியமாகத் தோன்றியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

அந்த வீட்டின் பெயர் 'காசா தி ரிபோசோ பெர் மூசிசிஸ்தி'. இசைக்கலைஞர்களுக்கான ஓய்வு இல்லம் என்று பொருள். ஊரார் வாயில் அது வெறும் 'காசா வெர்டி', வெர்டியின் வீடு. 'ரிகொலெத்தோ', 'லா டிராவியாட்டா', 'ஐடா' முதலிய ஓபராக்களை இயற்றிய ஜியுசெப்பே வெர்டி (1813–1901) தம் சொந்தப் பணத்தில் கட்டியது. 1889இல் மிலான் நகரின் அன்றைய எல்லைக்கு வெளியே மனை வாங்கினார். 1896இல் தொடங்கிய கட்டடப் பணி 1899இல் முடிந்தது. வரைபடம் போட்டுத் தந்தவர் கமில்லோ போயிட்டோ. 'ஒதெல்லோ'வுக்கும் 'ஃபால்ஸ்டாஃப்'புக்கும் பாடல்நூல் எழுதிய கவிஞர் அர்ரிகோ போயிட்டோவின் தமையன் இவர். தம்பி எழுதிய சொற்களுக்கு இசையமைத்து முடித்த கிழவர், அண்ணனை அழைத்து வீடு கட்டச் சொன்னார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

இவ்வளவு பெரிய இசையமைப்பாளர் ஏன் பாடகர்களுக்கு ஒரு முதியோர் இல்லம் கட்ட வேண்டும்? கருணை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதன்று. அதைப் புரிந்துகொள்ள அன்றைய இத்தாலியில் பாட்டு எப்படிச் சோறு போட்டது என்று பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியில் ஓபரா ஒரு பருவத் தொழில். நம் ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்குப் பங்குனியும் சித்திரையும் எப்படியோ, அப்படி அவர்களுக்குக் கார்னிவல் பருவம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கித் தவக்காலம் வரை நீளும். ஒவ்வோர் ஊரிலும் அரங்கைக் குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருப்பார், 'இம்ப்ரெசாரியோ' என்பார்கள். அவர்தான் பாடகர்களை அந்தப் பருவத்துக்கென்று பேசி அமர்த்துவார். சம்பளம் தவணை தவணையாக வரும். இடையில் நாடாளும் மன்னர் இறந்தால் அரங்கை மூடிவிடுவார்கள். மன்னரோடு சேர்த்து மீதித் தவணைகளுக்கும் துக்கம் அனுசரிக்க வேண்டியதுதான். ஒப்பந்தக்காரர் கடனாளியாகித் தலைமறைவாவதும் அபூர்வமன்று. முதன்மைப் பாடகர்கள் நல்ல நாளில் கொள்ளைப் பணம் பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் சேர்ந்திசைக் குழுவில் நின்றவர்களில் பலருக்குப் பகலில் வேறு தொழில் இருந்தது. தையலும் செருப்புத் தைப்பதும் பகல் வேலை. இரவில் அவர்களே எகிப்தியப் படைவீரர்கள், அடிமை யூதர்கள். ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது.

குரல் வேறு நிலையில்லாத முதல். வயலின்காரருக்கு விரல்கள் அறுபது வயது வரை ஒத்துழைக்கலாம். பாடகிக்கு முப்பதிலேயே தொண்டை கைவிட்டுவிடலாம். வெர்டிக்கு இது கேள்வி ஞானம் அன்று. அவர் வீட்டுக்குள்ளேயே இருந்த உண்மை.

அவருடைய இரண்டாம் மனைவி ஜியுசெப்பினா ஸ்த்ரெப்போனி. 1842இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் 'நபுக்கோ' முதன்முதலாக மேடையேறியபோது அபிகாய்லே வேடத்தில் பாடியவர். வெர்டியை வெர்டியாக்கிய படைப்பு அது. அந்த வேடமோ பாடகியின் தொண்டையைப் பிழிந்தெடுக்கும் வேடம். ஸ்த்ரெப்போனியின் குரல் அப்போதே சரியத் தொடங்கியிருந்தது. தந்தை இறந்தபின் தாயையும் உடன்பிறந்தவர்களையும் காப்பாற்றும் பொறுப்பு இளம் வயதிலேயே அவர்மேல் விழுந்தது. ஓய்வின்றிப் பருவத்துக்குப் பருவம், ஊருக்கு ஊர் பாடியதன் விலை அது. 1846இல், முப்பத்தோரு வயதில், மேடையை விட்டு விலகிப் பாரிஸ் சென்று பாட்டு வாத்தியாராக அமர்ந்தார். அதன் பின்னரே வெர்டியோடு வாழ்வு. 1859இல் திருமணம். வெர்டி இல்லாமல் போயிருந்தால் ஸ்த்ரெப்போனியின் முதுமை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். மிலான் வீடு எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1897 நவம்பரில், அவர் காலமானார். அந்த வீட்டுக்கு இந்த அம்மையார்தான் காரணம் என்று நாம் நிறுவ முடியாது. ஆனால் பாட முடியாமல் போன ஒரு பாடகியோடு ஐம்பது ஆண்டுகள் ஒரே மேசையில் உண்டவர் கட்டிய வீடு அது என்பதை மறந்துவிட்டு அதன் வரலாற்றைப் படிக்கவும் முடியாது.

பணம் வந்த வழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்றுபட்ட இத்தாலியில் 1865இல் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் இசையமைப்பாளருக்கும் பதிப்பாளருக்கும் நாடகம் மேடையேறும் ஒவ்வொரு முறையும் உரிமைத்தொகை வரத் தொடங்கியது. வெர்டியும் அவருடைய பதிப்பாளர் ரிக்கோர்டியும் இந்த வழியில் பெரும் செல்வம் ஈட்டினார்கள். மேடையில் நின்று பாடியவருக்கு அன்றிரவுக் கூலியோடு கணக்கு முடிந்தது. பாட்டு காகிதத்தில் இருந்தது. ஆகவே அதற்கு உரிமையாளர் உண்டு. குரல் காற்றில் இருந்தது. ஆகவே அதற்கு உரிமையாளர் இல்லை. சட்டத்தின் தர்க்கம் இவ்வளவுதான்.

குரலையும் ஒரு பொருளாகப் பிடித்து வைத்து விற்கும் காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. 1902 ஏப்ரலில் என்ரிக்கோ கரூசோ என்ற இளம் பாடகர் மிலான் கிராண்ட் ஹோட்டலின் அறை ஒன்றில் கிராமபோன் கம்பெனிக்காகப் பத்துப் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். பேசிய தொகை நூறு பவுண்டு. அந்த இசைத்தட்டுகளிலிருந்துதான் பாடகரின் பொருளாதாரமே மாறத் தொடங்கியது. அதற்குப் பதினைந்து மாதங்களுக்கு முன், 1901 ஜனவரி 27 அன்று, வெர்டி உயிர்நீத்தது அதே ஹோட்டலில்தான். வரலாறு சில சமயம் நாவலாசிரியர்களே கூசும் அளவுக்குத் தற்செயல்களை அடுக்கிவிடுகிறது.

ஆக, உரிமைத்தொகையால் வளர்ந்த செல்வத்தைக் கொண்டு, உரிமைத்தொகை கிட்டாதவர்களுக்கு வெர்டி வீடு கட்டினார். இதைக் கடன் தீர்த்தல் என்று எழுத நமக்கு ஆசைதான். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயில் திணிக்க வேண்டியதில்லை. சிற்பி ஜூலியோ மான்தெவெர்தேவுக்கு எழுதிய கடிதத்தில், தம் படைப்புகளிலேயே தமக்கு மிகவும் பிடித்தது இந்த வீடுதான் என்கிறார். இத்தாலிய மொழியில் 'ஓபரா' என்ற சொல்லுக்குப் பொதுவாக 'படைப்பு', 'வேலை' என்றே பொருள் என்பதால் அந்த வரியில் ஒரு மெல்லிய சிரிப்பும் ஒளிந்திருக்கிறது. யாருக்காக என்பதையும் அங்கேயே சொல்கிறார்: அதிர்ஷ்டம் கைகொடுக்காத பாடகர்கள், அல்லது இளமையில் சேமிக்கும் நற்குணம் வாய்க்காதவர்கள். இரண்டாவது வகையைக் குறிப்பிடும்போது நமக்கு வெர்டியின் இன்னொரு முகம் தெரிகிறது. சாந்த் ஆகத்தா பண்ணையில் மாட்டையும் விளைச்சலையும் காசுக்குக் காசு கணக்குப் பார்த்த கறாரான நிலக்கிழார் அவர். ஊதாரிகளைக் குத்திக்காட்டாமல் விடவில்லை. ஆனால் ஊதாரிகளுக்கும் சேர்த்தே கட்டினார். தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரித்துப் பார்ப்பதையே அறமாகக் கொண்டிருந்த நூற்றாண்டில் இது சிறிய விஷயமன்று.

வீட்டின் விதிகள் சுருக்கமானவை. இத்தாலியக் குடிமக்களாக இருக்க வேண்டும். இசையைத் தொழிலாகச் செய்தவர்களாக, 65 வயது நிரம்பியவர்களாக, வறுமையில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். மொத்தம் நூறு பேர். ஆண்கள் 60, பெண்கள் 40. பெரிய பொதுக்கூடத்தில் கட்டில்களை வரிசையாகப் போடும் மருத்துவமனை முறையை வெர்டி ஏற்கவில்லை. அறைக்கு இருவர் என்று திட்டமிட்டார்கள். இரவில் ஒருவர் இருமினால் மற்றவர் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். அடுத்த கட்டிலில் இருப்பவர் பழைய போட்டியாளராக இருந்தால் அந்த இருமலுக்கே விமர்சனமும் சொல்லலாம், பாடகர்கள் அல்லவா.

எங்களை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு சொல். ஏழை முதியோர் தங்குமிடங்களை அன்றைய இத்தாலியில் 'ரிகோவெரோ' என்று அழைத்தார்கள். புகலிடம், அடைக்கலம் என்ற பொருள். அங்கே இருப்பவர் அடைக்கலம் புகுந்தவர். வெர்டிக்கு இந்தச் சொல் பிடிக்கவில்லை. தம் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் தம் விருந்தினர்கள், 'ஓஸ்பிதி', என்றார். இன்றும் அந்த இல்லத்தில் அதுவே வழக்கு. இந்த 'ஓஸ்பிதே' என்ற இத்தாலியச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. விருந்தினர் என்றும் அதற்குப் பொருள். விருந்தளிப்பவர் என்றும் பொருள். வாசலுக்கு உள்ளே நிற்பவரும் வெளியே நிற்பவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். நம் மொழியில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியர் செய்யுளின் வனப்புகளுள் ஒன்றுக்கே அந்தப் பெயரை வைத்தார். புதிதாக வருபவரே விருந்தினர். ஆனால் நம் காலத்தில் இதே நிலையிலுள்ள கலைஞர்களுக்கு அரசு உதவித்தொகை தரும்போது நாம் பயன்படுத்தும் சொல் 'நலிந்த கலைஞர்' என்பது. உதவித்தொகை நல்ல காரியம்; பல நாட்டுப்புறக் கலைஞர்களின் வீட்டில் அதனால் அடுப்பெரிகிறது. இருந்தாலும் அந்த அடைமொழியைச் சுமந்துகொண்டு ஒரு தவில் வித்வான் விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிற காட்சியை நினைத்தால், சொல்லைத் தேர்ந்தெடுக்க இன்னும் ஐந்து நிமிடம் செலவழித்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

நன்றியைப் பெறுவதிலும் வெர்டிக்குக் கூச்சம் இருந்தது. கட்டடம் 1899இல் தயாரானபோதும், தாம் உயிரோடு இருக்கும்வரை யாரையும் குடிவைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். நூறு பேர் வந்து கையைப் பிடித்துக் கண்ணீர் விடுவதை எதிர்கொள்ள அவருக்கு மனமில்லை. தம் இறுதிச் சடங்கு மிக எளிமையாக, பாட்டும் இசையும் இன்றி நடக்க வேண்டும் என்று உயிலில் எழுதினார், அப்படியே நடந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்து, 1901 பிப்ரவரி இறுதியில், அவர் உடலையும் மனைவியின் உடலையும் பொதுக் கல்லறையிலிருந்து இந்த வீட்டின் நிலவறைக்கு மாற்றியபோது மிலான் நகரம் அந்தக் கட்டளையை மீறியது. தோஸ்கனினி கையசைக்க, எண்ணூறுக்கு மேற்பட்ட குரல்கள் 'நபுக்கோ'வின் அடிமைகள் பாட்டைப் பாடின. பாடியவர்களில் எத்தனை பேர் பின்னாளில் இந்த வீட்டின் கதவைத் தட்ட நேர்ந்ததோ. 1902 அக்டோபர் 10, வெர்டியின் பிறந்தநாளன்று, முதல் விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள். விருந்தளித்தவர் நிலவறையில் இருந்தார். நன்றி சொல்ல ஆளில்லை.

இதோடு ஒப்பிட ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்குப் போய் வரலாம். அங்கே ஃபுகெராய் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. ஐரோப்பாவின் பெருஞ்செல்வரான வணிகர் யாக்கோப் ஃபுகர் 1521இல் ஏழைகளுக்காக நிறுவியது. முதியோருக்கு மட்டுமானதன்று என்றாலும், கொடுப்பவர், பெறுபவர் என்ற கணக்கை அங்கே வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டு வாடகை அன்று ஒரு ரைன் கில்டர். இன்று 88 யூரோ சென்ட். ஆம், ஆண்டு முழுவதற்கும்தான். மீதி வாடகையைப் பிரார்த்தனையாகச் செலுத்த வேண்டும். நிறுவனர் குடும்பத்தின் ஆன்மாவுக்காக நாளொன்றுக்கு மூன்று ஜெபங்கள். இதுபோக, இரவுக் காவல், தோட்ட வேலை என்று குடியிருப்புக்கு ஏதேனும் ஒரு பணியையும் குடியிருப்போர் செய்து தருவது அங்குள்ள வழக்கம். இரவு பத்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். பிந்தி வருபவர் காவல் இருக்கும் சக குடியிருப்பாளரிடம் சில்லறை கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே குடியிருந்தவர்களில் ஃபிரான்ஸ் மோட்சார்ட் என்ற கொத்தனாரும் ஒருவர். இசைமேதையின் கொள்ளுத்தாத்தா.

இந்த மூன்று ஜெபங்களைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. பணக்காரர் ஏழைகளின் வாயால் தமக்குச் சொர்க்கம் வாங்கிக்கொள்கிறார் என்றார் ஒரு நண்பர். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இன்னொருவர் மறுபக்கத்தைக் காட்டினார். ஜெபம் சொல்பவருக்கு அது ஒரு கணக்குத் தீர்வு. நான் இங்கே சும்மா இல்லை, என் வாடகையைக் கொடுத்துவிட்டேன் என்று நிமிர்ந்து நடக்கலாம். ஃபுகருடைய ஆன்மாவுக்கு அதனால் என்ன ஆயிற்றோ தெரியாது. கொத்தனாரின் முதுகெலும்புக்கு நல்லது.

இந்த வாதத்தில் நாங்கள் ஏன் இவ்வளவு சூடானோம் என்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் நண்பர் குழு ஒரு சமயம் நகருக்கு வெளியேயுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒருமுறை போய்க் கதைகள் வாசித்துக் காட்டுவதென்று தீர்மானித்தது. தொண்டு செய்யப் போகிறோம் என்ற பெருமிதம் எல்லார் முகத்திலும் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் ஒரு கரும்பலகை. அன்றைய மதிய உணவை யார், எந்த நினைவாக வழங்குகிறார்கள் என்று சாக்குக்கட்டியில் எழுதியிருந்தது. ஒருவருடைய மகளின் பிறந்தநாள், இன்னொருவருடைய தந்தையின் திதி. உண்பவர்கள் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே உண்ண வேண்டும். அன்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கை உயர்த்தினார். அச்சகம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். "தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை யாராவது திருத்தினாங்களா? கேக்கும்போதே ஒருமை பன்மை இடறுதே" என்றார். வாசித்த நண்பருக்கு முகம் சுண்டிவிட்டது. அது அவருடைய சொந்தக் கதை. அடுத்த மாதம் அவரே வரவிருக்கும் தம் தொகுப்பின் மெய்ப்பை எடுத்துப்போய்ப் பெரியவரிடம் நீட்டினார். "அவசரமில்லைங்க ஐயா, முடிஞ்சப்போ பாருங்க" என்றும் சொல்லி வைத்தார். நான்காம் நாள் இல்லத்து அலுவலகத் தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. முடிந்துவிட்டது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள், இன்னும் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று. முதல் பதினெட்டுப் பக்கத்தில் மட்டும் முப்பத்திரண்டு ஒற்றுப்பிழை. சிவப்பு மையில், அச்சகக் குறிகளோடு. அதற்குப் பிறகு நாங்கள் கதை வாசிக்கப் போன மாதங்களைவிட மெய்ப்போடு போன மாதங்களே அதிகம். அவருக்குப் பக்கத்து அறைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கர், தமக்கும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது எங்களிடம் கணக்கு என்று ஒன்றே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மிலானுக்குத் திரும்புவோம். காசா வெர்டியின் சிறப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஃபுகர் கேட்டதுபோல் வெர்டி எதையும் திருப்பிக் கேட்கவில்லை. ஜெபம்கூட வேண்டாம் என்றார். ஆனால் வெறும் கட்டிலும் சோறும் போட்டுவிட்டு விலகிக்கொள்ளவும் இல்லை. அந்த வீட்டில் கச்சேரிக் கூடம் இருக்கிறது, பியானோக்கள் இருக்கின்றன, இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, கேட்கத் தெரிந்த காதுகள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பாடகியின் துன்பம் பசி மட்டுமன்று. உயர்சுரத்தை அவர் எட்டிப் பிடித்தபோது அதன் அருமை தெரிந்தவர் பக்கத்தில் யாருமில்லை என்பதும்தான். இங்கே காலை உணவு மேசையில் எதிரே அமர்ந்திருப்பவர் அந்தச் சுரத்தை எட்ட முடியாமல் பார்மாவில் கூச்சல் வாங்கியவராக இருக்கக்கூடும். ஷ்மிட்டின் படத்தில் நாம் காண்பது இதைத்தான். அவர்கள் ஒருவருக்கொருவர் பாடுகிறார்கள், ஒருவர் பாட்டை மற்றவர் திருத்துகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், கைதட்டுகிறார்கள். தொண்டு என்று அதற்கு யாரும் பெயரிடவில்லை. பிரிட்டிஷ் நாடகாசிரியர் ரொனால்ட் ஹார்வுட் இந்தப் படத்தின் தூண்டுதலால்தான் 'குவார்ட்டெட்' என்ற நாடகத்தை எழுதினார். டஸ்டின் ஹாஃப்மன் 2012இல் அதைத் திரைப்படமாக்கினார். அதில் ஓய்வுபெற்ற பாடகர்கள் தம் இல்லத்துக்கு நிதி திரட்ட வெர்டியின் பிறந்தநாளன்று மேடையேறுகிறார்கள். படம் கொஞ்சம் இனிப்பு அதிகம். ஷ்மிட்டின் தாழ்வாரத்தில் இருந்த உப்பு அதில் இல்லை.

வெர்டி தம் ஓபராக்களின் உரிமைத்தொகையை இந்த வீட்டுக்கு எழுதி வைத்திருந்தார். உலகில் எங்கே 'டிராவியாட்டா' மேடையேறினாலும் மிலானில் சூப்பு கொதித்தது. ஆனால் பதிப்புரிமைக்கு ஆயுள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அது காலாவதியாகி அந்த ஊற்று வற்றியது. அதன்பின் சேர்த்து வைத்த சொத்தின் வருமானமும், நன்கொடைகளும், விருந்தினர்கள் தத்தம் ஓய்வூதியத்துக்கு ஏற்பத் தரும் பங்கும் வீட்டை நடத்துகின்றன. ஒரு வகையில் இது தகுதி உயர்வு என்றே சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியப் பாடகருக்கும் ஓய்வூதியம் என்று ஒன்று வந்துவிட்டது. விருந்தினரும் அடுப்புக்கு விறகு போடத் தொடங்கினார்கள். 1902இலிருந்து இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் இந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள்.

1990களின் இறுதியில் வீட்டுக்குள் இன்னொரு மாற்றம் நடந்தது. மிலானில் இசை பயிலும் மாணவர்கள் சிலருக்கும் இங்கே அறைகள் கொடுக்கத் தொடங்கினார்கள். மிலான் வாடகை மாணவர்களுக்கு எட்டாதது. இங்கே குறைந்த கட்டணம், பயிற்சிக்கு இடம், மூத்தவர்களோடு ஒரே கூடத்தில் சாப்பாடு. எண்ணிக்கையில் அவர்கள் சிலர்தான். ஆனால் தாழ்வாரத்தில் ஒலிக்கும் சுரங்களின் வயது குறைந்துவிட்டது. எண்பது வயதுப் பாடகி இருபது வயதுப் பெண்ணுக்கு மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். கட்டணம் இல்லை, நேரக் கணக்கும் இல்லை.

நேரக் கணக்கு என்றதும் நெதர்லாந்தின் தேவென்டர் நகரிலுள்ள ஹூமானிடாஸ் இல்லம் நினைவுக்கு வருகிறது. 2012 முதல் அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் வாடகையின்றித் தங்கிக்கொள்ளலாம். பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் முதியவர்களுக்கு நல்ல அண்டை வீட்டாராக இருக்க வேண்டும். உலகப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். மாணவர்கள் முதியோருக்கு மின்னஞ்சல் கற்றுத் தருகிறார்கள், கூடவே உண்கிறார்கள், நோயில் துணை இருக்கிறார்கள். ஆனால் இங்கே மணிக்கணக்கு இளையவர் பக்கம் மட்டுமே எழுதப்படுகிறது. முப்பது மணி நேரம் கொடுப்பவர் மாணவர், பெறுபவர் முதியவர். இருபது வயதுப் பையனுக்கு அவர் சொல்லித் தந்திருக்கக்கூடியது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. மிலானில் பேரேடு இல்லாததே வசதியாகப் போயிற்று போலும்.

அந்த மாணவர்களில் பலர் பயிலும் மிலான் இசைக்கல்லூரியைப் பற்றியும் ஒரு செய்தி. 1832இல் பதினெட்டு வயதுக் கிராமத்துப் பையனாக வெர்டி அதில் சேர விண்ணப்பித்தார். வயது கடந்துவிட்டது, பியானோவில் கை வைக்கும் முறையும் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த மறுப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை. புகழ் வந்தபின் கல்லூரிக்குத் தம் பெயரைச் சூட்ட முனைந்தபோது அவர் அதை விரும்பவில்லை. இன்று அந்தக் கல்லூரியின் பெயர் ஜியுசெப்பே வெர்டி இசைக்கல்லூரி. அதன் மாணவர்கள் சிலர் மாலையில் வகுப்பு முடிந்து, அவர் விலைக்கு வாங்கிய மனையில் அவர் கட்டிய வீட்டுக்குத் திரும்பி, அவருடைய விருந்தினர்களோடு அமர்ந்து இரவு உணவு உண்கிறார்கள்.